புல் மிதித்த புதன்கிழமை

அத்தியாயம் 9

போன வாரம் சுகரா பேகத்தை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். நல்லவேளை, எண்ணெய் நமக்காகக் காத்திருக்கவில்லை. கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து உருட்டிய குல்குலே எல்லாம் சிவக்கச் சிவக்கப் பொரிந்து, ஒரு கூடை நிறைந்து, இதோ அவள் மடியில் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் படுதா கட்டிய வாடகை மோட்டார் ஆம்பூரை விட்டு வேலூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று ஸபர் மாதத்துக் கடைசிப் புதன். அந்த மாதத்துப் பீடையெல்லாம் காலோடு போகட்டும் என்று, பச்சைப் புல் உள்ள தோட்டமாகப் பார்த்துப் போய், வெறுங்காலால் புல் மிதித்து, இனிப்புத் தின்று வருவது அந்த வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களின் வழக்கம்.

முன்சீட்டில் இருந்த நிசார் அஹமதுக்கு அந்த வழக்கத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. தூரம்தான் பிடிக்கவில்லை.

"புல்லு மிதிக்க பள்ளிகொண்டா வரைக்கும் போவணுமா? நம்ம கொல்லையில இல்லாத புல்லா?"

"நம்ம கொல்லையில புல்லு எங்க இருக்குது?" என்றாள் சுகரா. "உங்க சுண்ணாம்புத் தொட்டித் தண்ணி ஓடி ஓடி எல்லாம் கருகிப் போச்சு. எருக்கஞ்செடிதான் நிக்குது. அதை மிதிக்கறீங்களா?"

நிசார் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவர் ஆம்பூரில் பேர் சொல்லும் தோல் வியாபாரி. மண்டியில் அவர் கனைத்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். வீட்டில் அவர் கனைத்தால் சுகரா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான் மரியாதை.

பின்சீட்டில் அம்மாவை ஒட்டி ரஃபத் ஜஹான் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயசு. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்கும்போது இந்தப் பெண் ஏதோ யோசிக்கிறது என்று அர்த்தம். அது சுகராவுக்குக் கொஞ்சம் உதைப்பாகவே இருந்தது.

இந்தப் பயணத்தின் உண்மையான காரணம் வண்டியில் இருந்த இரண்டு பெண்களுக்குத் தெரியும். முன்சீட்டுக்குத் தெரியாது. மேல்விஷாரத்து மக்பூல் அகமதின் குடும்பமும் இன்று அதே தோட்டத்துக்கு வருகிறது.

மக்பூலின் இளைய மகன் ஜியாவுல்லா வாணியம்பாடியில் படித்த பையன். கண்ணாடி போட்டவன், சாது. ரஃபத்துக்கு அவன்தான் என்று சுகராவும், அவனுக்கு ரஃபத்துதான் என்று மக்பூலின் மனைவி நசீமுன்னிசாவும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். ரஃபத் அவனை ஒரு கல்யாண வீட்டு ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு மூன்று இடத்துச் சம்பந்தத்தை, ஒருத்தனுக்கு மூக்கு சரியில்லை, இன்னொருத்தனுக்கு ஊர் சரியில்லை, மூன்றாமவனுக்கு எல்லாமே சரியாக இருப்பது சரியில்லை என்று சொல்லித் தட்டிக் கழித்துவிட்டாள். பெற்றவளுக்குப் புரியாதா?

எல்லாம் பொருந்தி வந்தது. அப்பாக்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது ஒன்றுதான் இடைஞ்சல்.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே டேனரியில் கூட்டாளிகள், உயிருக்குயிரான தோஸ்துகள். ஒருநாள் மதராஸிலிருந்து வந்த ஒரு பெரிய வியாபாரி எதிரில் மக்பூல் ஒரு தோலை முகர்ந்து பார்த்துவிட்டு, "நிசார் போட்ட தொட்டி இது. ஆவாரம்பட்டை கம்மி, கொன்னைப்பட்டை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார்; உசத்திப் பட்டையைக் குறைத்து மட்டப் பட்டையில் தோலை ஊற வைத்தான் என்று அர்த்தம். தோல் பதனிடுகிறவனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவன் பிறப்பைக்கூடச் சந்தேகப்படலாம். பட்டையைச் சந்தேகப்படக் கூடாது. அன்று சாயந்திரமே கூட்டு உடைந்தது. மக்பூல் மேல்விஷாரத்துக்கே போய்விட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக, ஒரே விருந்தில் எதிரெதிரே உட்கார நேர்ந்தாலும் ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர் பந்தலின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆண்கள்தான் பேச்சை நிறுத்தினார்கள். பெண்கள் நிறுத்தவே இல்லை. 'ரெண்டு பேரையும் ஒரே புல்லுல நிறுத்திடுவோம். அப்புறம் அல்லா விட்ட வழி' என்று திட்டம் போட்டது, சுகரா அக்கா முறை வைத்து ஆபா என்று கூப்பிடும் நசீமுன்னிசா. போன மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில், பிரியாணித் தேக்சாவுக்குப் பின்னால் வைத்துப் போட்ட திட்டம்.

"யா அல்லா, ரெண்டு பேரும் இன்னிக்குப் பேசிடணும்" என்று வழி நெடுக துஆ கேட்டுக்கொண்டே வந்தாள் சுகரா.

*

கிரேசன் துரை தோட்டம் என்றால் அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். கும்பெனி காலத்தில் யாரோ ஒரு துரை, தன் ஊர் ஞாபகத்தில், பொட்டல் காட்டைத் தோண்டிப் புரட்டி உண்டாக்கியது. வளைந்து வளைந்து போகும் ஏரி. அதன் குறுக்கே பாலம். பாலத்தைத் தாண்டினால் போக இடம் கிடையாது, திரும்பி வர வேண்டியதுதான். மேட்டில் ஒரு மண்டபம், பாதி இடிந்து கிடந்தது.

"இன்னாப்பா, இவ்ளோ செலவு பண்ணி வெச்சிருக்கீங்க, அதை மட்டும் இடிய விட்டுட்டீங்க?" என்று கேட்டார் நிசார்.

"அது இடியலீங்க சாயபு" என்றான் தோட்டக்காரன் துரைசாமி. "கட்டினதே அப்படித்தான். இடிஞ்ச மாதிரி கட்டினாத்தான் அவங்க ஊர்ல அழகாம்."

நிசார் அந்த மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். முழுசாகக் கட்டி இடிப்பதைவிட இது லாபமா நஷ்டமா என்று அவருக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது புல்வெளி. அடடா, புல் என்றால் அதுதான் புல்! ஜமுக்காளம் விரித்தது போல, பங்களா வாசலிலிருந்து தொடங்கி, அந்தக் கோடியில் ஒற்றைப் புளியமரம் நிற்கும் மேய்ச்சல் தரைவரைக்கும் ஒரே பச்சை. சுகரா புர்க்காவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கழற்றி, பிஸ்மில்லா சொல்லி வலது காலை எடுத்து வைத்தாள்.

"ஆ! ஆ! ஆ! அம்மா, கால எடுங்க!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தான் துரைசாமி.

பாம்புதான் என்று நினைத்துச் சுகரா ஒரு குதி குதித்தாள்.

"போர்டு பாக்கலியா? புல்லு மேல யாரும் நடக்கக் கூடாது. சரளைக்கல் பாதையிலதான் நடக்கணும்."

"அப்பா தோட்டக்காரா, நாங்க வந்ததே புல்லு மிதிக்கத்தான்."

"இன்னாது? மிதிக்கவா?" துரைசாமிக்கு மூச்சு அடைத்துவிட்டது. "அம்மா, இது கப்பல்ல வந்த புல்லு. காலைல ஒரு தபா, சாயந்திரம் ஒரு தபா தண்ணி தெளிச்சு, குழந்தை மாதிரி வளக்கறேன். பெரிய துரையே ஒரு நாள் மறந்து பூட்ஸோட கால் வெச்சுட்டு, என் மூஞ்சிய பாத்துட்டு இறங்கிப் போய்ட்டாரு!"

"மிதிக்காத புல்லு எதுக்குப்பா?"

"பாக்கறதுக்கு!"

சுகராவுக்கு இது புதுசாக இருந்தது. பார்க்க மட்டும் புல், போகாத பாலம், இடிந்தே பிறந்த மண்டபம். இந்தத் துரைமார்கள் எதைத்தான் உருப்படியாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஏரியை ஒட்டிய பாதையோரத்து மரத்தடியில் படுதாவைக் கட்டிப் பாயை விரித்தாள்.

அப்போதுதான் வாசலில் இன்னொரு மோட்டார் வந்து நின்றது.

முதலில் நசீமுன்னிசா ஆபா இறங்கினாள். கனத்த சரீரம். வண்டி ஒரு பக்கமாக மூச்சு விட்டது. அடுத்து ஜியாவுல்லா. படுதாவுக்கு உள்ளே ரஃபத்தின் வளையல்கள் ஒரு முறை கலகலத்து அடங்கின. கடைசியாக, தலையில் துருக்கித் தொப்பியும் தோளில் துண்டுமாக மக்பூல் அகமது.

நிசார் அவரைப் பார்த்தார். அவர் நிசாரைப் பார்த்தார். இரண்டு பேரும் உடனே தங்கள் தங்கள் மனைவிமாரைப் பார்த்தார்கள். மனைவிமார் இருவரும் மிகுந்த சிரத்தையோடு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுகரா! அவன் வர்றான்னு உனக்குத் தெரியுமா?"

"எவன்?" என்றாள் சுகரா.

"நான் போய் அந்தப் புளியமரத்தாண்ட உக்காந்துக்கறேன். அவன் கெளம்பினப்புறம் கூப்பிடு." நிசார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று புல்வெளியில் இறங்கினார்.

அந்தப் பக்கம் மக்பூலும் தன் மனைவியிடம் இதே போல ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவரும் இறங்கினார். தோட்டத்தின் அந்தக் கோடியில் நிழல் என்று இருந்தது அந்த ஒரே புளியமரம். நிசார், மக்பூலின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இடதுபக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். மக்பூல் வலதுபக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க இருவருக்கும் கழுத்து மிச்சமில்லை.

"புல்லு! ஐயோ, என் புல்லு!" என்று தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினான் துரைசாமி.

அவன் பள்ளம் என்று கத்தியிருக்கலாம். அந்தப் புல்வெளிக்கும் மேய்ச்சல் தரைக்கும் நடுவே, மாடு உள்ளே வராமல் இருக்க, ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. பங்களாவிலிருந்து பார்த்தால் பள்ளமே தெரியாது. எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிய வேண்டும் என்றுதான் துரை அப்படி வெட்டியிருந்தார். ஆனால் துரைசாமியின் கவலையெல்லாம் புல்லைப் பற்றி. அதனால் புல் என்றே கத்தினான்.

துருக்கித் தொப்பி முதலில் மறைந்தது. அடுத்த நிமிஷம் நிசாரும் மறைந்தார்.

*

சுகராவும் நசீமுன்னிசாவும் செருப்பை உதறிவிட்டு ஓடினார்கள். துரைசாமி குறுக்கே கையை நீட்டினான். நசீமுன்னிசா ஆபாவின் வேகத்தில் அவன்தான் ஒதுங்கும்படி ஆயிற்று.

பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அல்லா காப்பாற்றினான், அடி ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் செங்கல் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்ப்பக்கம் சரிவு, ஏறிப் போய்விடலாம். போகாததற்குக் காரணம் சரிவின் நடுவில் நின்றது. பங்களாவில் வளர்க்கிற ஓங்கோல் காளை. திமில் மட்டும் ஒரு அண்டா அளவு.

"அசையாதே" என்றார் மக்பூல்.

இத்தனை வருஷத்தில் அவர் நிசாரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சுகரா நசீமுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அசையணும்னு இங்க யாருக்கு ஆசை?" என்று நிசார் சுவருக்குப் பதில் சொன்னார்.

காளை ஒரு அடி இறங்கியது. புர்ரென்று மூச்சு விட்டது. வாழ்நாள் முழுக்க மாட்டை உரித்த பிறகே பார்த்துப் பழகியவர்கள் இருவரும். உரிக்காத மாடு இவ்வளவு பெரிசாக இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

மக்பூல் காளையைக் கொம்பிலிருந்து வால் வரைக்கும் கண்ணால் அளந்தார். பிறகு மக்பூல் தாழ்ந்த குரலில் சொன்னார். "நல்ல தோலு."

"நல்ல தோலா?" நிசாருக்குத் தாங்கவில்லை. "தொடையில சூடு போட்டிருக்கான் பாரு. இவ்ளோ பெரிய குறி. பாதி வீணு."

"குறியை வெட்டி எடுத்துட்டா முதல் ரகம்தான்."

"முதல் ரகமா? கழுத்துல உண்ணி கடிச்சு அம்மை போட்ட மாதிரி இருக்குது. கண்ணு மங்கிப் போச்சா உனக்கு? ரெண்டாம் ரகம்!"

"முதல் ரகம்!"

"ரெண்டாம் ரகம்டா! மண்டியில பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கேளு!"

தன் தோலைப் பற்றி உயிரோடு இருக்கும்போதே இப்படிப் பேசுவதை எந்தக் காளை பொறுத்துக்கொள்ளும்? அது தலையைத் தாழ்த்தியது. முன்காலால் மண்ணைக் கிளறியது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை. ஒருவர் மார்பை மற்றவர் விரலால் குத்தி ரகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சுகரா தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஓடி வந்த பதற்றத்தில் குல்குலே கூடையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சம்பந்தி வீட்டுக்கு என்று ரஃபத் தன் கையால் பிசைந்து உருட்டியது. நசீமுன்னிசா இன்னும் ஒன்றுகூட வாயில் போடவில்லை. யோசிக்க நேரமில்லை. ஒன்றை எடுத்துக் காளையின் மூக்குக்கு நேராக வீசினாள்.

காளை முகர்ந்தது. தின்றது. தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளி வீசினாள். அதுவும் போயிற்று. அப்படியே பள்ளத்தின் ஓரமாக நடந்து ஒவ்வொன்றாக எறிய, காளையும் நல்ல பிள்ளையாக அவளோடு நடந்து, புளியமரத்தைத் தாண்டி வேலி வரைக்கும் போய்விட்டது. துரைசாமி ஓடிப் போய் அதைக் கயிற்றில் பிடித்துக் கட்டினான்.

"மாட்டுக்கே இவ்ளோ பிடிச்சிருக்குதுன்னா மனுஷருக்குச் சொல்லணுமா?" என்றாள் நசீமுன்னிசா. "பொண்ணு கை மணம் தெரிஞ்சு போச்சு சுகரா. எனக்குச் சம்மதம்."

அப்போதுதான் சுகரா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். வெறுங்கால். கீழே, கப்பலில் வந்த புல். சில்லென்று இருந்தது. இந்தக் கலாட்டாவில் புல்வெளியின் நீளத்துக்கு மிதித்து முடித்திருந்தார்கள்.

*

காளை போன பிறகும் ஆண்கள் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தால், பள்ளத்துக்குள்ளேயே புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அது ஆவாரம்பட்டைதான்னு உனக்குத் தெரியும்" என்றார் நிசார். "தெரிஞ்சே சொன்னே."

"சத்தியமாத் தெரியாது நிசாரு. அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்."

"இன்னாது?"

"மூக்கு அடைச்சிருந்துச்சு. வாசனையே தெரியல. அந்த மதராஸ்காரன் எதிர்ல தெரியலன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"அப்ப மறுநா வந்து சொல்றதுக்கென்ன? பன்னெண்டு வருஷமா சளி உனக்கு?"

"நீ மூஞ்சியத் திருப்பிட்டே. நானும் திருப்பிட்டேன்."

நிசார் அவரைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். பெரிய சிரிப்பு. மக்பூலும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேலே நின்ற சுகராவுக்கும் வந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஒரு ஜலதோஷத்துக்காக எத்தனை ஈத் பெருநாள், எத்தனை கல்யாணம், எத்தனை சாவு வீடு! இவர்களை என்ன செய்தால் தகும்?

"வா, அவங்க பேசட்டும்" என்று நசீமுன்னிசா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

மரத்தடியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த குல்குலேயைப் பங்கு போட்டார்கள். சுகராவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சற்றுத் தள்ளி ஏரிக்கரையில் ஜியாவுல்லா, மீனைப் பார்ப்பது போல, படுதாவின் நிழல் தண்ணீரில் விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ரஃபத் பேசவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

பள்ளத்திலிருந்து இருவரும் தலை காட்டினார்கள். சரிவில் ஏறி நின்று, மக்பூல் தோள் துண்டை எடுத்து விரிக்க, அதற்கு அடியில் இருவரும் கையை நுழைத்துக்கொண்டார்கள். சந்தையில் விலை பேசுகிற முறை அது. துண்டுக்குக் கீழே விரல் பிடித்து ஒத்துக்கொண்டால் முடிந்தது. அதற்கு மேல் வாய்ப்பேச்சு கிடையாது. இந்தத் தொழிலில் துண்டுக்கு அடியில் கொடுத்த கையைத் திரும்ப எடுத்தவன் மண்டியில் தலைகாட்ட முடியாது.

"பாருங்க ஆபா, தொழில் புத்தி விடல. அந்தக் காளைக்கு விலை பேசறாங்க" என்று சுகரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

துண்டு விலகியது. இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு, பள்ளத்தின் முனையைச் சுற்றி, புல்லின் நட்டநடுவில் நடந்து வந்தார்கள். துரைசாமி தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அழுது ஓய்ந்த முகம்.

"சுகரா!" நிசார் அங்கிருந்தே கத்தினார். "ரஃபத்துக்கு மாப்பிள்ளை பாத்துட்டேன்! மக்பூல் வீட்டுப் பையன்! துண்டு போட்டுக் கை குடுத்தாச்சு!"

சுகரா சட்டென்று எழுந்து நின்றாள். நசீமுன்னிசா அவள் கையைப் பிடித்து நொறுக்கினாள். யா அல்லா, கேட்டதைவிட ஒரு படி மேலேயே கொடுத்துவிட்டாயே! ஏரிக்கரையில் ஜியாவுல்லாவின் முகம் செவசெவ என்று ஆகிவிட்டது.

"பெரியவன் ஆபித் பாஷா!" என்று முடித்தார் நிசார். "மண்டியப் பாத்துக்கற பையன். பட்டை ஞானம் உள்ளவன். பெரியவன் இருக்கறப்ப சின்னவனுக்கு எப்படிப் பேசறது? வர்ற ஜும்மா தொழுகை முடிஞ்சதும் பத்துப் பேர் எதிர்ல சொல்லிடறோம்!"

நசீமுன்னிசாவின் கை தளர்ந்தது.

"ஆபித்துக்குத் திருப்பத்தூர்ல என் அண்ணன் பொண்ணைப் பேசி வெச்சிருக்கேனே" என்றாள் மெதுவாக. "இந்த மனுஷனுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். பொம்பளைப் பேச்சுன்னு காதுலயே வாங்கல."

சுகரா நிசாரின் கையைப் பார்த்தாள். கை கொடுத்தாகிவிட்டது. இப்போது இல்லை என்று சொன்னால் இந்த இரண்டு பேரும் மறுபடி கழுத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இந்தத் தடவை சாகும்வரைக்கும். சரி என்று சொன்னால் ரஃபத்? இரண்டு பேரும் பேசிவிட வேண்டும் என்று வழியெல்லாம் துஆ கேட்டாளே, என்ன பேச வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டாள்.

பின்னால் படுதா விலகும் சத்தம் கேட்டது.

ரஃபத் வெளியே வந்தாள். புர்க்காவுக்குள் முகம் தெரியவில்லை. காலில் செருப்பு இல்லை. பாதையை விட்டு இறங்கி, யாரையும் திரும்பிப் பார்க்காமல், அப்பாவை நோக்கிப் புல்லின் மேல் நேராக நடந்தாள். ஆண்கள் இருவரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்; பெண் ஸலாம் சொல்ல வருகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அவள் ஸலாம் சொன்னாள். அதற்குப் பிறகு, இரண்டு குடும்பத்துக்கும் தோட்டக்காரனுக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னாள்.

"அப்பா, நீங்க குடுத்தது உங்க கை. என் கையை யாரும் இன்னும் கேக்கல."

சுகரா மகளை இழுத்து வரப் புறப்பட்டாள். இரண்டு எட்டு வைத்தாள். அந்த ஏரிக்கரைப் பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, புல்லில் கால் வைப்பதைப் பார்த்தாள்.

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்துகொண்டாள்.